கோபுரத்தில் ஆளில்லாத விமான நிலையம்: படம் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

கேள்வி

லண்டன் சிட்டி விமான நிலையத்தின் போக்குவரத்தை, 2021 முதல், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வான்விக்கில் உள்ள மையத்தில் அமர்ந்து கேமராக்கள் வழியாகவே கட்டுப்படுத்துகிறார்கள் என்று படித்தேன். நாம் காணொளியில் பேசிக்கொண்டிருக்கும்போது படம் அசையாமல் நின்றுவிடுவது அன்றாட அனுபவம். விமானம் தரையைத் தொடும் தறுவாயில் அப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? தட்டையான திரையில் தூரத்தைச் சரியாகக் கணிக்கத்தான் முடியுமா?

மறுமொழி 1

நாம் பயன்படுத்தும் பொது இணையத்தோடு இதை ஒப்பிடக் கூடாது. அங்கே 50 மீட்டர் உயரக் கம்பத்தில் 16 கேமராக்கள் உள்ளன. படம், ஒன்றையொன்று சாராத மூன்று கண்ணாடி இழை இணைப்புகள் வழியாகச் செல்கிறது. ஆனால் உங்கள் அச்சத்தில் பொருள் உண்டு. திரை இருண்டுவிட்டால் கோளாறு உடனே தெரிந்துவிடும். அசையாமல் நின்ற படமோ, வெறுமையான ஓடுபாதையை அமைதியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே, படம் புதுப்பிக்கப்படுகிறதா என்பதை அமைப்பே இடைவிடாது சோதித்து எச்சரிக்க வேண்டும். தாமதமும் ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியத் தர வரம்பு. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் அந்த ஒரு நொடியில் ஏறக்குறைய 70 மீட்டர் நகர்ந்துவிடும்.

மறுமொழி 2

ஒரு திருத்தம். விமானத்தைத் தரையிறக்குபவர் விமானி. கட்டுப்பாட்டாளர் பார்த்தால்தான் சக்கரம் தரையில் படும் என்பதில்லை. ஓடுபாதையில் வேறு விமானமோ வாகனமோ இல்லை என்று உறுதிசெய்து அனுமதி தருவதே அவர் பணி. கண்ணாடிச் சன்னல் உள்ள பழைய கோபுரத்தையும் மூடுபனி மூடத்தான் செய்கிறது. அப்போது விமானங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டி, ரேடாரையும் விமானிகள் வானொலியில் சொல்லும் இருப்பிடத்தையும் கொண்டு சமாளிக்கிறார்கள். படம் போனாலும் ஏறத்தாழ அதே நடைமுறைதான். ஹீத்ரோவில் 2009இலேயே, கோபுரம் பயன்படாமல் போனால் பயன்படுத்துவதற்கென்று, சன்னலே இல்லாத மாற்றுக் கட்டுப்பாட்டு அறையை அமைத்தார்கள். என்னைக் கேட்டால், படத்தைவிட வானொலித் தொடர்பு அறுவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

மறுமொழி 3

தூரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரு கண்களின் பார்வை வேறுபாட்டால் ஆழத்தை உணர்வது சில நூறு மீட்டர்களுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால், கோபுரத்தில் நிற்பவரும் உருவத்தின் அளவு, எது எதை மறைக்கிறது, எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பவற்றைக் கொண்டுதான் கணிக்கிறார். இவை திரையிலும் கிடைக்கும். உண்மையான சிக்கல் வேறு: சுற்றிலுமுள்ள 360 பாகைக் காட்சியைக் திரைகளின் குறுகிய வளைவுக்குள் அடக்கும்போது திசைகள் நெருக்கப்பட்டுத் தெரிவதால், கண்ணைப் புதிதாகப் பழக்க வேண்டும். கழுத்தைத் திருப்பித் தொலைநோக்கியை உயர்த்துவதைவிடச் சுழலும் கேமராவைக் குறிவைப்பது சற்று மெதுவான வேலையும்கூட. ஈடாக, சில நிலையங்களில் அகச்சிவப்புக் கேமரா உண்டு. ஜெர்மனியில், லைப்சிக்கிலிருந்து 2018 டிசம்பர் முதல் கட்டுப்படுத்தப்படும் சார்ப்ரூக்கன் நிலையம் அத்தகையது. இருளில் ஓடுபாதைக்குள் புகும் விலங்கும் அதில் தெரியும்.

விவாதிக்க வேண்டியது, ஒரே கட்டுப்பாட்டாளரிடம் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களைக் கொடுப்பது பற்றி. 2015இல் சுவீடன் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தைச் சுண்ட்ஸ்வாலிலிருந்து இயக்கத் தொடங்கியதற்கும், நார்வே தன் சிறு நிலையங்களை பூடோ மையத்தில் ஒன்றுசேர்ப்பதற்கும், நாளுக்குச் சில விமானங்களே வரும் இடத்தில் தனிக் கோபுரம் கட்டுப்படியாகாது என்பதே அடிப்படை. இரண்டு இடங்களிலும் ஒரே நொடியில் அவசரநிலை வந்தால் ஒன்றைக் காத்திருக்கச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. லென்ஸில் சிலந்தி வலை பின்னினால்?

மறுமொழி 1

நகைச்சுவையாகத் தோன்றினாலும் அதற்கும் ஏற்பாடு உண்டு. பூச்சியும் தூசும் காட்சியை மறைக்காதபடி லண்டன் கேமராக்கள் தம்மைத் தாமே துப்புரவு செய்துகொள்கின்றன.