ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் வெக்டரில் (ஒரே வகை மதிப்புகளின் வரிசையில்) நீங்கள் ஏமாந்த இடம் எது?

மழைமானிக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அளவு பதிவாகாத நாட்களுக்கு -99 என்று குறித்து வைப்பார்கள். அவற்றைக் களைய, 'விச்' (which) கட்டளை கொண்டு -99 இருக்கும் இடங்களின் எண்களைப் பிடித்து, முன்னால் கழித்தல் குறி போட்டு, சதுர அடைப்புக்குள் வைத்தேன். ஆர் மொழியில் கழித்தல் குறி போட்ட சுட்டெண் என்றால் 'அந்த இடத்தை விட்டுவிடு' என்று பொருள்; பைத்தான் மொழியில் அதற்குக் கடைசியிலிருந்து எண்ணு என்று பொருள்; அங்கிருந்து வந்த எனக்கு இது பழகவே ஒரு வாரம் ஆனது. எல்லா நிலையங்களுக்கும் ஓடி முடிந்தது. மாவட்டத்திலேயே அதிகம் மழை பெய்யும் மலை நிலையத்துக்கு ஆண்டு மொத்தம் 0 மி.மீ.!

கோப்பைத் திறந்தால் 365 நாளும் ஒழுங்காக இருந்தது. அதுதான் வினை. ஒரு -99 கூட இல்லாததால் 'விச்' வெற்று வெக்டரைத் தந்தது. வெறுமைக்கு முன் கழித்தல் போட்டாலும் வெறுமைதானே. எதையும் நீக்காதே என்று நான் சொன்னது, எதையும் எடுக்காதே என்று அதன் காதில் விழுந்திருக்கிறது. வெற்று வெக்டரின் கூட்டுத்தொகை 0, பிழைச்செய்தி கிடையாது. சராசரி கேட்டிருந்தால் 'என்ஏஎன்' (NaN, 'எண் அல்ல' என்ற குறி) வந்து அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். ஒரு நாள் விடாமல் குறித்து வைத்த அந்த மனிதரின் உழைப்புதான் காணாமல் போனது. இப்போது 'விச்' பக்கமே போவதில்லை. -99க்குச் சமமில்லாதவை என்ற நிபந்தனையையே அடைப்புக்குள் எழுதிவிடுகிறேன்.

*

என் கதை உங்கள் கதைக்குத் தம்பி. மதுரை, தேனி வரிசைகளை மட்டும் எடுக்க, மாவட்டப் பத்தியை இரட்டைச் சமக்குறி போட்டு இரண்டு பெயர் கொண்ட வெக்டரோடு ஒப்பிட்டேன். ஆர் அந்த இரு பெயர்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனது: முதல் வரிசை மதுரையா, இரண்டாவது தேனியா, மூன்றாவது மதுரையா... இரண்டாம் வரிசையில் இருந்த மதுரைக்காரர் உதிர்ந்துவிட்டார். மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால் நீளம் பொருந்தவில்லை என்று எச்சரித்திருக்கும். 412 ஆக இருந்து தொலைத்தது. பாதிப் பேர் எங்கே என்று மேலாளர் கேட்ட பிறகுதான், பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க, இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே 'இன்' (%in%) எழுதக் கற்றுக்கொண்டேன்.

*

கல்லூரி மாணவர்களின் சராசரி வயது 3 என்று அறிக்கை கொடுத்தவன் நான். யாரோ ஒருவர் வயதுக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதிவைக்க, பத்தி முழுவதும் ஃபேக்டர், அதாவது வெவ்வேறு மதிப்புகளைப் படிநிலைகளாக்கி வரிசை எண் இட்டு வைக்கும் வகை, ஆகிவிட்டது. அதை நேராக எண்ணாக்கினால் வயது வராது, படிநிலையின் வரிசை எண்தான் வரும். முதலில் எழுத்தாக்கி, அப்புறம் எண்ணாக்க வேண்டும். 2020இல் வந்த ஆர் 4.0 பதிப்பிலிருந்து எழுத்துப் பத்திகள் தாமாக ஃபேக்டர் ஆவதில்லை. எங்கள் கணினியில் இருந்ததோ 3.4.