புதுப்பிப்பு: திங்க்பேட் பற்றிய என் பதிவுக்கு வந்த பதில்கள்

யாரோ பாவித்த திங்க்பேட் டி480 மடிக்கணினி ஒன்றையே இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் இருந்துகொண்டு தேடி வாங்கினேன் என்று சென்ற மாதம் எழுதியதற்கு, அது “பழைய இரும்பு” என்றும், நான் அதைத் தயாரிக்கும் லெனோவோ நிறுவனத்திடம் காசு வாங்கியவன் என்றும் பதில்கள் வந்தன. காசு வாங்கியிருந்தால் புதியதையல்லவா வாங்கியிருப்பேன்!

2018இல் வந்த அந்த மடிக்கணினியில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு மின்கலங்கள் உள்ளன. வெளியிலுள்ளதைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போதும் கணினி அணைவதில்லை. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் நான் வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் மெல்லிய கணினியிலோ, உள்ளே ஒட்டப்பட்டிருந்த மின்கலம் வீங்கி விசைப்பலகையை மேலே தள்ளிவிட, அதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் கைகட்டிக் காத்திருந்தேன். இப்போது அடிமூடியின் திருகாணிகளைத் தளர்த்தி, விசிறியில் அப்பிய செம்மண் புழுதியைப் பழைய பல் தூரிகையால் நானே தட்டிவிடுகிறேன்.

திரை மங்கல் என்று ஒருவர் சொன்னது உண்மை. வெயிலேறிய திண்ணையில் எழுத்தே தெரிவதில்லை. ஆனால் திங்க்பேட்டை முதலில் தயாரித்த ஐபிஎம் அதைக் கைவிட்டதோடு தரமும் போய்விட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன்: ஐபிஎம்மிடமிருந்து லெனோவோ அந்தக் கணினித் தொழிலை வாங்கியது 2005இல், நான் புகழும் இயந்திரம் அதற்கு 13 ஆண்டு பிந்தியது.