புதுப்பிப்பு: பச்சைத் தக்காளி வறுவல், இரண்டாம் முயற்சி

போன வாரம் புலம்பியிருந்தேன்: உறைபனிக்கு முன் எங்கள் அட்லாண்டா வீட்டுக் கொல்லையில் பறித்த பச்சைத் தக்காளியை இந்த ஊர்ப் பாணியில் பொரித்தேன், மேல்மாவு சட்டை கழற்றியதுபோல் உரிந்து எண்ணெயில் மிதந்தது என்று. இப்போது சரியாக வந்துவிட்டது.

குற்றவாளி ஈரம்தான். இந்த முறை கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்தேன். தட்டில் நீர் தேங்கி நின்றது! துணியால் ஒற்றிவிட்டு, முதலில் மைதா, பிறகு முட்டை அடித்த கெட்டி மோர், கடைசியாக மக்காச்சோள ரவை. (வெள்ளைச் சோள மாவு அல்ல, சென்ற முறை நான் அடித்த இன்னொரு கூத்து அது. கொரகொரப்பான மஞ்சள் ரவைதான் வேண்டும்.) புரட்டியதைப் பத்து நிமிடம் அப்படியே விட்டதும் மாவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இரும்புச் சட்டியில் அரை அங்குல எண்ணெய், சுமார் 180 டிகிரி செல்சியஸ். ஒரு ஈடுக்கு நான்கே வில்லை. கூடப் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். காகிதத்தில் போடாமல் கம்பித் தட்டில் வைத்ததால் அடிப்பக்கமும் மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே மாங்காய்போல் ஒரு புளிப்பு.

செங்காய் இரண்டு கலந்துவிட்டன. அவை மட்டும் குழைந்தன. ரசத்துக்கு வைத்திருக்கலாம்.