ஒரே மரத்தில் ஒரு பக்கம் மட்டும் லைக்கன் ஏன்?

கேள்வி: போன வாரம் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், காஸ்கேட் மலைச்சரிவிலுள்ள ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில் நடந்தேன். பழைய டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஒன்றில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி; மறுபக்கம் பொடி தூவியதுபோல் சாம்பல் நிற லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிரி). வெயில்தான் காரணமா?

பதில்: வெயில் மட்டும் இல்லை. மரம் லேசாகச் சாய்ந்திருந்ததா? சாய்வின் மேற்புறத்தில் மழைநீர் வழியும், பாசி பிடிக்கும். அடிப்புறம் காய்ந்தே கிடக்கும், அங்கே பொடி லைக்கன்.

கேட்டவர்: ஆமாம், சாய்ந்துதான் இருந்தது! அப்புறம், தரையில் சுருண்ட கீரை இலை மாதிரி வெளிர்பச்சைத் துண்டுகள் கிடந்தனவே, அவை?

இன்னொரு பதில்: அது லோபேரியா ஓரிகானா என்ற லைக்கன். உயரத்துக் கிளைகளில் வளரும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்து, விழுந்து மட்கும்போது காட்டுக்கு உரமாகும். பெரும்பாலும் உடைந்த துண்டுகளாகவே பரவுவதால் வெகுதூரம் போகாது. அதனால்தான் ஒரு மரத்தில் அப்பிக்கிடக்கும், சற்றுத் தள்ளி ஒன்றுமே இருக்காது. இளங்காட்டில் அரிது, 200 வயதைத் தாண்டிய காட்டில்தான் செழிக்கும். கிழட்டு மரங்களை வெட்டினால் பரவ வேண்டிய துண்டுகளும் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.