குறியியல் படிக்க எந்த ஆய்விதழில் தொடங்கலாம்?

கரிசல்மண்:
எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். வகுப்பில் குறியியலை, அதாவது குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறையை, சசூர், பியர்ஸ் என்ற முன்னோடிகள், குறிப்பான் (சொல்லின் ஒலி வடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து) என்று சில பக்கங்களில் முடித்துவிடுகிறார்கள். சரி, ஆய்விதழையே நேராகப் படிப்போம் என்று தேடினால் 'செமியோட்டிகா' வருகிறது, கட்டுரையைத் திறக்கவே பணம் கேட்கிறது. இலவசமாகப் படிக்க நல்ல இதழ் ஏதாவது உண்டா? கவிதையும் தெருக்கூத்தும்தான் என் ஆர்வம்.

ஏட்டுக்கட்டு:
உண்டு. எஸ்தோனியாவில் தார்த்து பல்கலைக்கழகம் வெளியிடும் 'சைன் சிஸ்டம்ஸ் ஸ்டடீஸ்'. செமியோட்டிகா வந்தது 1969-ல், இது 1964-லேயே வந்துவிட்டது. தொடங்கியவர் யூரி லோட்மன். யூதர் என்பதால் லெனின்கிராடில் வேலை கிடைக்காமல் 1950-ல், அப்போது சோவியத் நாட்டில் இருந்த எஸ்தோனியாவுக்கு வந்தவர், அந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் சோவியத் நாட்டின் மிகத் துணிச்சலான பண்பாட்டு ஆய்வுகளை ரஷ்ய மொழியில் அச்சேற்றினார். முதல் தொகுதியே கவிதையின் அமைப்பு பற்றிய அவருடைய விரிவுரைகள். 1998-லிருந்து பெரும்பாலும் ஆங்கிலம். இணையத்தில் இலவசம்.

மூன்றாம்சாமம்:
இதில் நமக்கு நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். லோட்மனைச் சுற்றி இருந்த ஆய்வாளர் குழுவின் முக்கியமானவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் பியாத்திகோர்ஸ்கி தமிழறிஞர், 1960-ல் மாஸ்கோவில் வந்த தமிழ்–ரஷ்ய அகராதியை ருதினோடு சேர்ந்து தொகுத்தவர், 38,000 சொற்கள்! தமிழ்த் துறைகளில் இவரைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

1968-ல் இவரும் லோட்மனும் சேர்ந்து பனுவலும் அதன் பயன்பாடும் பற்றி எழுதியதைக் கட்டாயம் படியுங்கள். வாயால் சொன்னதெல்லாம் ஒரு பண்பாட்டுக்குப் பனுவல் ஆகிவிடாது, சடங்கோ எழுத்தோ ஏதோ ஒன்று அதற்குக் கூடுதல் மதிப்பு ஏற்ற வேண்டும் என்கிறார்கள். கூத்துக்கு இது அப்படியே பொருந்தும். அர்ச்சுனன் தபசில் கம்பத்தின் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தைக் குழந்தை வரம் வேண்டி மடியேந்தி வாங்குகிறார்களே, அதே பாட்டை அதே கலைஞர் சென்னையில் ஒரு அரங்கில் பாடினால் யார் மடியேந்துவார்கள்? வரி மாறவில்லை, பனுவல் மாறிவிட்டது.

கரிசல்மண்:
பியாத்திகோர்ஸ்கி பெயரையே இப்போதுதான் கேட்கிறேன். மிக்க நன்றி. அந்த இதழில் முதலில் எதைத் திறக்கட்டும்?

ஏட்டுக்கட்டு:
லோட்மன் 1984-ல் எழுதிய 'குறிக்கோளம்' (semiosphere, ஒரு பண்பாட்டின் குறிகளெல்லாம் சேர்ந்து இயங்கும் வெளி) கட்டுரை. ஆங்கில மொழிபெயர்ப்பு 2005 இதழில் இருக்கிறது. ஒரு பண்பாட்டின் எல்லை வெறும் வேலி இல்லை, வெளியிலிருந்து வருவதை உள்ளுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் இடம், புதியவை அங்கேதான் வேகமாகப் பிறக்கின்றன என்று சொல்லும் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அதன் பிறகு புது இதழ்களுக்கு வரலாம்.