'விசாரணை' வேண்டாம், 'உணர்நாட்டம்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> தியானத்தில் வரும் 'இன்க்வயரி'க்கு 'ஆர்வ விசாரணை' போதாதா? விசாரம் ரமணர் எடுத்தாண்ட சொல்தானே.

இன்க்வயரி என்பது எழும் உணர்வை ஆவலோடு கவனித்து அறிவது. அதற்கு அந்தச் சொல் போதாது என்றே நினைக்கிறேன். சில மாதங்களாகப் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுகிறேன். 'எழும் கோபத்தை விசாரணை செய்யுங்கள்' என்று வாசித்த அன்று ஓர் அம்மா, "ஏன் கோபப்பட்டேன், ஏன் கோபப்பட்டேன்னு கேட்டுக் கேட்டு அழுகைதான் வந்தது" என்றார். அவர்மேல் தவறில்லை, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. விசாரணை என்றதும் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. விசாரம் என்றால் பலர் வீட்டில் கவலை.

சரி, சொல் எதைச் சுமக்கவேண்டும்? 2004இல் உளவியலாளர் ஸ்காட் பிஷப்பும் உடன் ஆய்வாளர்களும் மைண்ட்ஃபுல்னெஸ்ஸுக்கு, அதாவது விழிப்போடு கவனித்திருப்பதற்கு, தந்த வரையறையில் இரண்டு கூறுகள் உண்டு. இப்போது நடப்பதில் கவனத்தை நிறுத்துவது ஒன்று. அதை அறியும் ஆவலோடும் திறந்த மனத்தோடும் ஏற்போடும் அணுகுவது மற்றொன்று. 2006இல் வந்த டொராண்டோ மைண்ட்ஃபுல்னெஸ் அளவுகோல் இந்த ஆவலைத் தனியாகவே அளக்கிறது. பாலி மொழிப் பௌத்த மரபிலும், போஜ்ஜங்கம் எனப்படும் விழிப்புக்கான ஏழு கூறுகளில் ஸதிக்கு (கவனத்துக்கு) அடுத்து நிற்பது தம்ம விசயம், அதாவது ஆய்ந்தறிதல்.

நடைமுறையில் இது மிக எளிமையானது. உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் வலிக்கிறது. எங்கே தொடங்குகிறது? சூடா, இழுப்பா, குத்தலா? அடுத்த மூச்சிலும் அப்படியே இருக்கிறதா? இப்படிக் கேட்டால் வலியோடு இருக்க முடிகிறது. 'ஏன் எனக்கு மட்டும்' என்று கேட்டால் பழைய கதைகள் கிளம்பிவிடும், முழங்கால் மறந்துபோகும்.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் 'உணர்நாட்டம்'. தொல்காப்பியக் களவியலில் 'நாட்டம் இரண்டும்' என்றால் இரு கண்கள். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் நாடுதல் ஆராய்வது. இன்று 'பாட்டில் நாட்டம்' என்றால் விருப்பம். பார்வை, ஆய்வு, விருப்பம் மூன்றும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. நமக்கு வேண்டியதும் இந்த மூன்றும்தானே? அகநாட்டம் என்றும் யோசித்தேன். ஆனால் உளவியலில் அகமுகம் என்ற சொல் இருப்பதால், கூச்ச சுபாவத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

> தன்னாட்டம் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, தன்னையே நோக்குவது என்ற பொருளில், ரமணர் வழி நூல்களில். அதை அங்கேயே விட்டுவிடுவோம், ஐயா. 1901 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் எழுதித் தந்த விடைகளே 'நான் யார்?'. எழும் எண்ணம் யாருக்கு என்று கேட்டு, காண்பவன் பக்கமே திரும்பச் சொல்கிறார். தன்னை மறைக்கும் தத்துவங்களை (உடல், மனம் போன்ற கூறுகளை) எண்ணி ஆராய்வது, கூட்டித் தள்ளவேண்டிய குப்பையை ஆராய்வதுபோல் பயனற்றது என்றும் சொல்கிறார். நம் பயிற்சியோ முழங்காலின் சூட்டையும் இழுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு பாதைகள். அவருடைய சொல்லை இதற்கு ஒட்டினால் இரண்டு பக்கத்திலும் குழப்பம்தான்.

அப்புறம், வினைச்சொல். கலைச்சொல் வினையாக ஓடாவிட்டால் வாய்க்கு வராது. 'வலியை நாடிப் பாருங்கள்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ப் விட்டுப்போனால் கைநாடி பார்ப்பதாகிவிடும். எழுத்தில் காத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு என்ன செய்வது? 'மருத்துவரை நாடுங்கள்' என்ற வழக்கும் குறுக்கே வருகிறது. இங்கேதான் எனக்கு உங்கள் உதவி வேண்டும். இலங்கை நண்பர்கள் இதற்கு வேறு வினை ஏதும் பயன்படுத்துகிறார்களா?

வரும் சனிக்கிழமைக் குறிப்பில் 'உணர்நாட்டம்' என்றே எழுதி வாசிக்கப்போகிறேன். அந்த அம்மாவும் வருவார். அவர் காதில் அது எப்படி விழுந்தது என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்