வீட்டில் படிப்பித்த முதல் வருசம்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் சொன்னவை

கொக்குவில் அம்மா:

மகளைத் தரம் 3இல் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி, வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருசம் ஆகிறது. எப்படிப் போகுது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். படிப்பிப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. அவளோடு விளையாட ஆள் தேடுவதுதான் பெரும்பாடு.

ஏன் நிற்பாட்டினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்த வகுப்பு. கரும்பலகையில் எழுதியதை அவள் கொப்பியில் பார்த்தெழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள். முடிக்காத பிள்ளைக்கு இடைவேளை கிடையாது. காலையில் வயிற்றுக்குத்து. ஞாயிறு பின்னேரமே முகம் வாடிவிடும். வைத்தியரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றும் இல்லை. ரீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அத்தனை பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார். அவளின் அப்பா வேறு பள்ளிக்கூடம் பார்ப்போம் என்றார். நான் ஒரு வருசம் தாருங்கள் என்று கேட்டேன். தையல் வேலை என்பதால் நான் எப்படியும் வீட்டில்தான்.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். 1998இல் 14 வயது வரை என்று தொடங்கியதை 2016இல் 16 ஆக்கினார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கவனிக்க ஊர் மட்டத்தில் வரவுக் குழுக்களும் உண்டு. ஆகவே ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கிராம அலுவலர் வந்தார், கூட இன்னொரு உத்தியோகத்தர். பிள்ளை எங்கேயாவது வேலைக்குப் போகுதோ, வீட்டில் பிரச்சினை ஏதும் இருக்கோ என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். அது நல்ல விசயம், அதற்குக் கோபப்பட ஒன்றுமில்லை. கொப்பிகளை எடுத்துக் காட்டினேன்.

"நீங்கள் ரீச்சரோ?"

"இல்லை ஐயா, தையல்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக் கல்விக்கென்று நிரப்பிக் கொடுக்க அவரிடம் படிவம் எதுவும் இல்லை, கோட்டக் கல்வி அலுவலகத்திலும் எனக்கு ஒன்றும் தரவில்லை. எந்தப் பாடத்திட்டம், எந்தப் புத்தகங்கள், யார் படிப்பிக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறேன். அதை அனுமதி என்று நினைக்கக் கூடாது. யாரும் கேட்டால் காட்ட ஒரு கடதாசி, அவ்வளவுதான்.

புத்தகத்துக்குச் செலவில்லை. அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இறக்கலாம். அதைவிடப் பிரயோசனம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி. இந்த வயதில் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று அதில்தான் வெளிப்படையாக இருக்கிறது. பாடநூலை மட்டும் வைத்திருந்தால் பக்கம் பக்கமாக ஓடத்தான் தோன்றும்.

தொடக்கத்தில் சுவரில் நேரசூசி ஒட்டினேன். காலை ஏழரைக்குத் தமிழ், பிறகு கணிதம், பிறகு சுற்றாடல். பத்து மணிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிடும். ஒரு பிள்ளையோடு ஒராள் இருந்தால் தரம் 3 பாடத்துக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம். சரி, மிச்ச நாளை என்ன செய்வது? இதை எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை.

அந்த மிச்ச நேரத்தில்தான் படிப்பு நடந்தது. ஒரு நாள் சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் அளவு நாடாவையும் தன் அடிமட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கட நாடா பிழை" என்றாள். நாடாவில் பன்னிரண்டு அங்குலம் வருகிற இடத்துக்கு அடிமட்டத்தின் முப்பது சென்ரிமீற்றர் வந்து சேரவில்லை, கொஞ்சம் முன்னுக்கே நிற்குது. நான் இத்தனை வருசம் தைக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை. நாடாவைத் திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். முப்பதரை என்றாள், பிறகு கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் முப்பதரைக்குக் கொஞ்சம் குறைய என்றாள். 30.48 என்று அவளின் அப்பா வந்து சொன்னார். புத்தகத்தில் தசமம் வர முதலே வீட்டுக்குள் தசமம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வாடிக்கையாளர்களின் அளவை அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும் எழுதுவது அவளின் வேலை. ஒரு முறை ஒரு அன்ரியின் இடுப்பளவைச் சத்தமாக வாசித்து என்னைச் சங்கடத்தில் மாட்டியும் விட்டாள்.

இன்னொன்று கிணறு. வெள்ளிக்கிழமைகளில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீரில் முட்டும் வரை எவ்வளவு கயிறு போகுது என்று அளந்து சதுரக் கொப்பியில் புள்ளி வைப்பாள். கட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம், அப்பா நிற்கும்போது மட்டும் என்பது சட்டம். ஆவணியில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் தண்ணீர் மேலே ஏறி, கொப்பியில் கோடு ஒரேயடியாகக் கீழே இறங்கிவிட்டது. "மழை விழுந்தது முற்றத்தில, கிணற்றுக்குள்ள எப்படிப் போனது?" ஆறு இல்லாத ஊர் எங்களுடையது, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால். நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் துவாரமும். அதற்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் கடலிலிருந்து வரும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது.

இதை வாயால் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. கண்ணாடிக் குவளையில் உப்பை நன்றாகக் கரைத்து, பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்கினோம். அதற்கு மேலே கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினோம். சிவப்பு கீழே, தெளிவு மேலே, நடுவில் கோடு கீறியது போல நின்றது. பிறகு ஒரு ஸ்ரோவை விட்டு மேலே இருப்பதை உறிஞ்சச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வாய்க்கு வந்துவிட்டது, முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிற கதை அதுதான். அடுத்த கிழமை நிலாவரை ஆழக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று அங்கே நின்ற ஒருவருக்கு இவள் விளக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

இனி ஆட்கள் விசயம். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைக் கண்டால் பெயருக்கு முதல் கேட்பது "எந்தப் பள்ளிக்கூடம்?" கலியாண வீட்டில் ஒரு மாமி கேட்டா. மகள், "வீட்டில" என்றாள். மாமி என்னைப் பார்த்த பார்வையில் பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்ற முடிவு இருந்தது. என் அம்மா இன்றைக்கும் அயலட்டைக்கு "லீவில நிக்கிறாள்" என்றுதான் சொல்லி வருகிறா. ஒரு வருச லீவு!

எல்லாரும் கேட்கிற இன்னொரு கேள்வி: "பிள்ளை ஆட்களோட பழகாமல் போயிடாதோ?" பக்கத்து வீட்டில் அவள் வயதுப் பிள்ளை இருக்கிறாள். ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டரைக்கு ரியூசன். ஐந்தரைக்கு வந்து வீட்டுவேலை. தரம் 5 புலமைப்பரிசில் சோதனைக்கு இப்போதே ஓட்டம். என் மகள் மதிலடியில் பந்தோடு நிற்பாள், அந்தப் பிள்ளை புத்தகப் பையோடு கை காட்டிவிட்டுப் போகும். பழக நேரமில்லாதது யாருக்கு? இதைக் கேட்டால் சண்டை வரும், ஆனபடியால் நான் கேட்பதில்லை.

வழி பிறந்தது ஞாயிற்றுக்கிழமையில்தான். கோயில் அறநெறிப் பாடசாலைக்கு விட்டோம், அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். சங்கீத வகுப்பிலும் மூன்று பேர் கிடைத்தார்கள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்கு அவர்களோடு சேர்ந்து ஆயத்தம் பண்ணுகிறாள். சோதனை என்றாலே வயிற்றுக்குத்து வந்த பிள்ளை, இதற்குத் தானாகவே எழும்பிச் சாதகம் பண்ணுகிறாள். எனக்கே அது புதினம்தான்.

கரவெட்டி அப்பா:

நாங்களும் செய்தோம், பாதியில் விட்டுவிட்டோம். அதையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மகன் தரம் 2. மனைவி ஆஸ்பத்திரியில் வேலை, நான் தோட்டம். வெங்காயம் நடுகிற காலம் வந்ததும் படிப்பு விடிய ஒரு அரை மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது. அதோடு அவன் ஆட்களோடு திரிகிற பிள்ளை, வீட்டில் எங்கள் இரண்டு பேரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க அவனால் ஏலாது. திரும்பச் சேர்த்தோம். இப்போது நன்றாகப் போகிறான்.

சேர்க்கப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. விடுகைப் பத்திரம் எங்கே, கடைசித் தவணைத் தேர்ச்சி அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். இருந்தபடியால் தப்பினோம். நிற்பாட்டுகிறவர்கள் கோபத்தில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வராமல், அதிபரோடு முறையாகக் கதைத்து இரண்டையும் வாங்கி வையுங்கள். நாளைக்கு அந்த வாசலுக்கே போக வேண்டி வரலாம்.

மானிப்பாய் ஓய்வுபெற்ற ஆசிரியை:

கொக்குவில் பிள்ளைக்கு ஒரு கேள்வி. கண்ணைச் சோதித்தீர்களா? கரும்பலகையைப் பார்த்தெழுதச் சுணங்குகிற பிள்ளைகளை நாங்கள் மந்தம் என்று எழுதிவிடுவோம், பிறகு பார்த்தால் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத குறைபாடாக இருக்கும். எத்தனையோ பிள்ளைகளை முன் வாங்குக்கு மாற்றியதோடு சரியாகியிருக்கிறது.

வீட்டில் படிப்பது இந்த மண்ணுக்கு ஏதோ அந்நியம் என்பது போலச் சிலர் கதைக்கிறார்கள். திண்ணையில் மணலில் எழுதிப் படித்த பரம்பரை நாங்கள். அமெரிக்க மிஷன் 1816இல் வந்து பள்ளிகளைத் திறந்ததும், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதானே. ஆனால் தங்கச்சி, திண்ணையில்கூட நாலு பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள். கூடப் படிக்கிற பிள்ளை பிழை விடுவதைப் பார்த்துத் தன் பிழையைத் திருத்துகிற வழி ஒன்று இருக்கிறது. தாயும் மகளும் மட்டும் இருந்தால் அது நடக்காது. சங்கீத வகுப்பில் அவள் முன்னேறுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஆங்கிலத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தரம் 3இலிருந்து அது முறையான பாடம். சிங்களமும் கொஞ்சம் காதில் விழட்டும், பிறகு உதவும்.

திருநெல்வேலி அம்மா:

எல்லாம் சரி, தரம் 6க்கு என்ன செய்யப் போகிறீர்கள்? வேம்படி மகளிர் பாடசாலைக்குப் போகிற ஆசை பிள்ளைக்கு இல்லையா? அதற்குப் புலமைப்பரிசிலில் எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி என்ற சொல்தான் எங்கள் வீட்டில் காலைத் தேவாரம் மாதிரி.

கொக்குவில் அம்மா:

ரீச்சர், கண்ணை முதலிலேயே காட்டினோம், பார்வை நன்றாக இருக்கிறது. விரலில்தான் சுணக்கம். பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிற பழக்கம். ஊசியில் நூல் கோர்க்க, பொத்தான் தைக்க விட்டதில் பிடி தளர்ந்து வருகிறது, எழுத்தும் வேகமாகிறது. கூடப் படிக்கிற பிள்ளை பற்றி நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகப் பட்டது. சொல்வதெழுதலில் நான் திருத்தினால் அழுவாள், சங்கீத வகுப்புப் பிள்ளை திருத்தினால் சிரிப்பாள்.

கரவெட்டி அண்ணா, பத்திரங்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. விடுகைப் பத்திரம் என்னிடம் இருக்கிறது, தேர்ச்சி அறிக்கையை நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

திருநெல்வேலி அக்கா, தரம் 6 பற்றி இப்போதைக்கு முடிவு இல்லை. புலமைப்பரிசில் பள்ளிக்கூடத்தின் மூலமாக எழுதுகிற சோதனை, ஆகவே அது வேண்டுமென்றால் அதற்கு முதல் திரும்பச் சேர்க்க வேண்டும். தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், ஆனால் அவ்வளவு தூரத்துக்கு இதைக் கொண்டுபோகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. அடுத்த தை மாதம் அவளிடமே கேட்கப் போகிறோம். போகிறேன் என்றால் பிள்ளைகள் குறைந்த சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது, அதிபரோடு கதைத்துவிட்டோம். வேம்படி ஆசை அம்மம்மாவுக்குத்தான் கூட.

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்கிறோம். சனிக்கிழமை காலைகளில் ஊர் வாசிகசாலையில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து வாசிப்பு, பிறகு கிளித்தட்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வரலாம், ரியூசன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு முறை எங்கேயாவது போவோம். வருகிற மாதம் பழைய பௌத்தத் தூபிகள் இருக்கிற கந்தரோடை. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் வான் காசு குறையும். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டு வரட்டும், ரியூசன் கொப்பி மட்டும் வேண்டாம்.